டீசல் டேங்கு: சுற்றிச் சுவர் எழுப்புவதா, இரட்டைச் சுவர் டேங்கு வாங்குவதா?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன லாரி யார்டு இருக்கிறது. பழைய இடத்தின் குத்தகை முடிந்து இங்கே மாறியபோது, 10,000 லிட்டர் டீசலை எதில் வைப்பது என்று எனக்கும் மச்சானுக்கும் பெரிய வாக்குவாதம். வழி இரண்டுதான். ஒற்றைத் தகட்டு டேங்கை வைத்து, கசிந்தால் டீசலைப் பிடித்து நிறுத்தச் சுற்றிலும் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பலாம். இல்லையென்றால் டேங்குக்குள் டேங்கு வைத்த மாதிரி வரும் இரட்டைச் சுவர் டேங்கை வாங்கி இறக்கிவிடலாம். பழைய யார்டில் எட்டு வருடம் முதல் வகையோடு குடித்தனம் நடத்தினோம். இரண்டாவது வகை வந்து இரண்டரை வருடம் ஆகிறது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான், மறைப்பதற்கில்லை.

இரட்டைச் சுவர் டேங்கு விலை கூடுதல். தடுப்புச் சுவர் இடத்தை விழுங்கும். ஒரு லாரி நிறுத்தும் இடம் போய்விடும். உரிமம், குடிமைத் தற்காப்புப் படையின் நிபந்தனைகள் எல்லாம் இரண்டுக்கும் பார்க்க வேண்டியவைதான். இவை விற்பவர்களே சொல்லிவிடும் சங்கதிகள். அவர்கள் சொல்லாதது மழை.

சிங்கப்பூரில் வருடத்துக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை பெய்யும் நாட்கள் 171. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1 லிட்டர் தண்ணீர். எங்கள் பழைய தடுப்பு 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 60 சென்டிமீட்டர். அதாவது மொத்தக் கொள்ளளவு 12,000 லிட்டர். டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதமாவது பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதை விடவும் கூடுதலாகத்தான் கட்டியிருந்தோம். ஆனாலும் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 2,000 லிட்டர் உள்ளே நிற்கும், அந்த மிச்ச இடம் அத்தோடு சரி. வருடக் கணக்கில் பார்த்தால் வெயிலில் காய்வதைக் கழிக்காமல் சுமார் 42,000 லிட்டர் அந்தத் தடுப்புக்குள் விழுகிறது. டீசலைப் பிடிக்கக் கட்டிய சுவர், வருடம் முழுக்க மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீரை யாராவது வெளியேற்ற வேண்டும். அதற்குத்தான் சுவருக்கு வெளியே ஒரு வால்வு. அது எப்போதும் மூடிப் பூட்டியே இருக்க வேண்டும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமாக இருந்தால் மட்டும் திறந்துவிட்டு, ஆள் பக்கத்திலேயே நின்று உடனே மூட வேண்டும். டீசல் தண்ணீரை விட லேசானது, மேலே மிதக்கும். கடைசி இரண்டு அங்குலத்தைக் கவனிக்காமல் விட்டால் மழைநீர்க் கால்வாய்க்குப் போவது அதுதான். இங்கே மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு என்பதைப் புதிதாக வருகிற ஆட்களுக்கு நான் முதல் நாளே சொல்வேன். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை குடிநீர்த் தேக்கங்களுக்குப் போகிறது, மீதி கடலுக்கு. கால்வாயில் விட்டது எங்கோ மறைந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். நல்ல மழை. எங்கள் ஆள் வால்வைத் திறந்தார், நடுவில் லாரி ஒன்று வந்தது, அப்புறம் விடுமுறை. திரும்பி வந்து பார்த்தால் தடுப்பு வறண்டு கிடக்கிறது. கேட்டதற்கு, "பூட்டிட்டுத்தான்ணே போனேன், இந்தா பாருங்க பூட்டு" என்றார். பூட்டு இருந்தது, உண்மைதான். கைப்பிடியைத் திறந்த நிலையில் வைத்துப் பூட்டியிருந்தார்! அந்த இரண்டு நாளில் டேங்கு கசியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். கசிந்திருந்தால் அந்தச் சுவர் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

இரட்டைச் சுவர் டேங்கில் இந்த வேலையே இல்லை. மழை மேலே விழுந்து வழிந்து போகிறது. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு உணரி. உள் தகடு கசிந்தாலும் வெளித் தகடு ஓட்டையாகித் தண்ணீர் புகுந்தாலும் அலாரம் அடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த அலாரத்தைச் சோதிக்கிறோம், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். கசிவு பெரும்பாலும் டேங்கின் வயிற்றில் வருவதில்லை; பம்பில், ஹோஸ் இணைப்பில், நிரப்பும் வாயில் வருகிறது. பழைய சுவர் அந்தச் சொட்டுகளையும் பிடித்தது, இரட்டைத் தகடு பிடிக்காது. அதனால் பம்புக்கு அடியில் மூடியோடு ஒரு தட்டு, பக்கத்தில் உறிஞ்சு துணிகளும் மணல் பையும் வைத்திருக்கிறோம். எண்ணெய் பட்ட துணியையும் மணலையும் குப்பைத் தொட்டியில் போட முடியாது, உரிமம் உள்ள கழிவு நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நிரம்பி வழிவது இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் பெட்ரோல் டேங்கு வழிந்து பெரிய வெடிப்பு நடந்தது. அளவுமானி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. டேங்கு நிறைந்தால் வரத்தை நிறுத்தத் தனியாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதன் நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தும் பூட்டு மாட்டப்படவே இல்லை. அங்கே பூட்டு இல்லை, எங்களிடம் பூட்டு இருந்தும் அந்தக் கதி. பன்ஸ்ஃபீல்டின் தடுப்புச் சுவர்களும் இணைப்புகளில் ஒழுகி, எண்ணெய் நிலத்தடி நீர் வரை போனது. அதனால்தான் எங்கள் டேங்கில் நிறைவு அலாரம் இருந்தாலும், டீசல் லாரி வரும்போது ஒருவர் அளவுக்கோல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஹோஸை மாட்டச் சொல்வார்.

இரண்டரை வருடத்தை வைத்து உள் தகட்டின் ஆயுளைப் பற்றி நான் பேச முடியாது. அது கண்ணுக்குத் தெரியாத இடம், உணரியை நம்பித்தான் இருக்கிறோம். மச்சான் இன்னும், "சுவர்னா விரிசலாவது கண்ணுக்குத் தெரியும்" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் டேங்கு கூரைக்கு அடியில் நிற்கப் போகிறது, சாரல் அடிக்காத இடம் என்றால் என் மழைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்போது மச்சான் பேச்சைக் கேட்டுச் சுவரையே கட்டுங்கள்.