ஒரே டொமைன், இரண்டு மெயில் சர்வர்: புதுச்சேரி – கடலூர் அமைப்பு நாள்பட ஓடினால்

புதுச்சேரியில் தலைமை அலுவலகம், கடலூர் சிப்காட்டில் ஆலை. இரண்டு இடத்திலும் தனித்தனி போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்), டவ்காட் (பெட்டியிலுள்ள மெயிலைப் பயனருக்கு எடுத்துத் தரும் மென்பொருள்). முகவரிகள் மட்டும் ஒரே டொமைனில். பெயர்ப்பட்டியல் ஒழுங்காக இருக்கும்வரை இந்த அமைப்பு வருடக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடும்.

எம்எக்ஸ் பதிவுக்கு (டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) டொமைன்தான் தெரியும், ஆள் தெரியாது. இரண்டு சர்வரையும் ஒரே முன்னுரிமை எண்ணில் எம்எக்ஸாகப் போட்டால், கடலூர்க்காரருக்கு வந்த மெயில் புதுச்சேரியில் இறங்கினால், பெயர் இல்லை என்று 550 5.1.1 பிழை வாங்கித் திரும்பும். அதனால் வெளி மெயிலைப் புதுச்சேரி மட்டும் வாங்கி, கடலூர் பெயர்களுக்கு வந்ததை வயர்கார்ட் (இரண்டு இடத்தையும் இணைக்கும் விபிஎன்) வழியே கடலூருக்குத் தள்ளுவதே சரி.

பலர் சறுக்குவது இங்கேதான்: கடலூர் முகவரிகள் புதுச்சேரியின் மெயில்பாக்ஸ் மேப்பிலும் (ஏற்க வேண்டிய முகவரிகளின் பட்டியல்) இருக்க வேண்டும், ட்ரான்ஸ்போர்ட் மேப்பிலும் (எந்த முகவரியை எங்கே அனுப்புவது என்ற பட்டியல்) இருக்க வேண்டும். முதலாவதில் விடுபட்டால் வாசலிலேயே நிராகரிப்பு. இரண்டாவதில் கடலூர் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடக் கிளம்பிவிடும். பட்டியல் ஹாஷ் வகைக் கோப்பென்றால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு அதைப் புதுப்பிக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும்.

ஆலையிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கு மாற்றலாகும்போது கடலூர் பக்கம் மட்டும் திருத்தினால், இரண்டு சர்வரும் மெயிலை மாறி மாறித் தள்ளி, 50 தாவல் (சர்வர் விட்டு சர்வர் போவது) தாண்டியதும் பவுன்ஸ் ஆகி அனுப்பியவருக்கே திரும்பும். இரண்டும் ஒரே எல்டாப்பை (பயனர் விவரங்களை வைத்திருக்கும் பொது அடைவு) படித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடலூரில் அதன் நகல் ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் விபிஎன் அறுந்ததும் 451 என்ற தற்காலிகப் பிழைதான் மிஞ்சும்.

எஸ்பிஎஃப் சோதனை (டொமைன் அனுமதித்த ஐபியிலிருந்துதான் மெயில் வந்ததா என்று பார்ப்பது) புதுச்சேரியில் மட்டும். கடலூரிலும் வைத்தால், எல்லா வெளி மெயிலும் புதுச்சேரி ஐபியிலிருந்து வந்ததாகத் தெரிந்து, எஸ்பிஎஃப் பதிவு உள்ள டொமைன்களின் மெயில் தோற்கும். கடலூரிலிருந்து வெளியே போவதும் ரிலேஹோஸ்ட் (மெயிலை வேறொரு சர்வர் வழியே அனுப்பச் சொல்லும் அமைப்பு) மூலம் புதுச்சேரி வழியே போகட்டும்: ஒரு ஐபி, ஒரு பிடிஆர் (ஐபிக்குப் பெயர் சொல்லும் டிஎன்எஸ் பதிவு), டிகிம் கையெழுத்தும் (மெயில் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) ஒரே இடத்தில். எஸ்பிஎஃப் பதிவை மட்டும் இரண்டாகப் போட்டுவிடாதீர்கள், பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) வரும்.

கடலூரை 20 எண்ணில் இரண்டாவது எம்எக்ஸாக வைக்கலாமே என்பார்கள். 2011-இல் தானே புயல் இரண்டு ஊரையும் சேர்த்தே அடித்தது. பக்கத்து ஊர் காப்பாகாது. போதாததற்கு, ஸ்பாம் அனுப்புவோர் தேடிப் போவதும் பின்வாசல் எம்எக்ஸைத்தான். அதைவிட, புதுச்சேரியில் மெயில் வரிசையின் ஆயுளை இயல்பான 5 நாளிலிருந்து 10 ஆக்குங்கள். ஆலையில் மின்சாரம் வரத் தாமதமானாலும் மெயில் காத்திருக்கும். தாமத எச்சரிக்கை இயல்பில் அணைந்தே இருக்கும். அதை 4 மணி நேரம் என்று வைத்தால் அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும்.