பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டு ஞாயிறுகள்: ஒரு நிற வகுப்பைப் பற்றி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில், டிஜிட்டல் ஓவியம் வரைவோருக்கென ஞாயிறுதோறும் காலையில் மூன்று மணி நேரம் நடக்கும் நிற வகுப்பில் எட்டு வாரம் படித்து முடித்தேன். கட்டணம் 4,500 ரூபாய். நிறக் கோட்பாட்டைக் கற்பிக்கும் இடங்கள் சென்னையில் பல உண்டு. மானிட்டரை அளவுதிருத்திக் கொடுப்பவர்களும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே பாடமாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்தை நான் இதற்கு முன் கண்டதில்லை. அவற்றைப் பிரித்துப் படித்ததால்தான் இத்தனை ஆண்டுகளாக என் படங்களில் எது கண்ணின் பிழை, எது கருவியின் பிழை என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்தத் தெளிவைத் தந்ததற்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். அதன் குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேரக் காரணமாக இருந்தது ஒரு நாட்காட்டி. காசிமேடு துறைமுகத்தில் விடியுமுன் படகுகள் நிற்கும் காட்சியைச் சென்ற ஆண்டு வரைந்திருந்தேன். திரையில் கடலும் வானமும் ஆழ்ந்த நீலமாக இருந்தன. அச்சாகி வந்த இருநூறு பிரதிகளிலும் அவை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. அச்சகத்தாரிடம் கோபித்துக்கொண்டேன். அவர்களோ கோப்பில் இருந்ததைத்தான் அச்சிட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்பது வகுப்பின் ஐந்தாம் வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கற்பிப்பவர்கள் இருவர். ஒருவர் ஆஃப்செட் அச்சில் நிறப் பிரிப்புப் பணியில் வாழ்நாளைக் கழித்த பெரியவர். எல்லோரும் அவரை ஐயா என்றே அழைக்கிறார்கள். மற்றவர் வீடியோ கேம்களுக்குப் பின்னணி வரையும் இளம்பெண். அவர் எங்களுக்கு அக்கா. என்னுடன் படித்த பதினான்கு பேரில் பேனர் வடிவமைப்பவர்கள், வியாசர்பாடியிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரையும் இரண்டு பெண்கள் எனப் பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள்.

நிறச் சக்கரத்தை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், அது எனக்கு நிறைவாகவே இருந்தது. எதிர்நிறம், அடுத்தடுத்த நிறங்கள் என்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பாடங்கள் வரையும் கைக்கு அதிகம் உதவுவதில்லை. அதற்குப் பதிலாக முதல் நாளே எங்களை எம்.சி. ரோட்டுப் புடவைக் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்ந்ததால் பெயர் பெற்ற பேட்டையில், நிறத்தைத் துணியிலிருந்து கற்கத் தொடங்குவது மிகப் பொருத்தமாகப் பட்டது.

மயில்கழுத்துப் பட்டு ஒன்றை விரித்துக் காட்டி, அதன் நிறம் எது என்று ஐயா கேட்டார். நீலம் என்றார்கள் சிலர், பச்சை என்றார்கள் சிலர். பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறு நிறம். துணியை அசைக்கும்போது ஒவ்வொரு நூலிலிருந்தும் நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு மாறுவதால் நிறமும் மாறுகிறது. மிக நுண்ணிய புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாமல் கண் அவற்றைக் கலந்து ஒரே நிறமாக வாங்கிக்கொள்கிறது என்ற உண்மையை அந்தத் துணியே சொல்லிவிட்டது. திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளும் அச்சில் மைப்புள்ளிகளும் இதையேதான் செய்கின்றன.

கடைக்காரர் அதன்பின் செய்த ஒன்று, வகுப்பில் சொல்லப்பட்ட எதையும்விட ஆழமாக மனதில் பதிந்தது. அரக்குப் புடவைக்கு இணையான ரவிக்கைத் துணி கேட்டு வந்த ஒரு பெண்மணியிடம், "வாங்கம்மா, வெளிய வெளிச்சத்துல பாத்துட்டுச் சொல்லுங்க" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். உள்ளே குழல்விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டும் வெயிலில் வேறு வேறாகத் தெரிந்தன. ஓர் ஒளியில் பொருந்தி இன்னோர் ஒளியில் பிரியும் இந்த நிலையைத் துணிக்கடைக்காரர்கள் பரம்பரையாக அறிந்திருக்கிறார்கள். அச்சுப் பிரதியை 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) ஒளியில் பார்க்க வேண்டும் என்று அச்சுத்துறை விதி வகுத்திருப்பதும், பெரும்பாலான மானிட்டர்களின் வெண்மைக்கு 6500 கெல்வினை ஒட்டிய ஒளியை இலக்காகக் கொள்வதும் ஏன் என்று மூன்றாம் வாரத்தில் விளக்கியபோது, எனக்கு அந்தத் தெருவாசல்தான் நினைவுக்கு வந்தது.

அக்கம்பக்க நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுவதைப் பற்றிய பாடமும் துணியிலிருந்தே வந்தது. பாரிஸ் நகரின் கோப்லென் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரோல், கறுப்பு நூலில் அடர்த்தி போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நிறத்தில்தான் இருந்தது என்று கண்டார். தம் ஆய்வை 1839-இல் நூலாக வெளியிட்டார். இந்தக் கதையைச் சொன்ன கையோடு, ஒரே சாம்பல் நிறச் சதுரத்தை ஆரஞ்சுப் பின்னணியிலும் நீலப் பின்னணியிலும் வைத்து, இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும் வரை ஒன்றை மாற்றச் சொன்னார் அக்கா. முடித்த பிறகு, தொட்ட இடத்தின் நிற எண்ணைக் காட்டும் நிற எடுப்பானால் தொட்டுப் பார்த்தால் எண்கள் வெகுதூரம் விலகியிருந்தன. எண்ணை நம்பி வரைபவருக்கும் கண்ணை மட்டும் நம்பி வரைபவருக்கும் ஒருசேரப் பயன்பட்ட பயிற்சி அது.

ஒளிர்வைப் பற்றிய நான்காம் வாரம்தான் இந்த வகுப்பின் உயிர் என்பேன். மென்பொருளில் சாயல், செறிவு, ஒளிர்வு என்று மூன்று நகர்த்திகள் இருக்கும். முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் ஒளிர்வு நகர்த்தி ஒரே இடத்தில், சரிபாதியில் நிற்கும். கண்ணுக்கோ மஞ்சள் ஏறக்குறைய வெள்ளைக்கு அருகிலும் நீலம் கறுப்புக்கு அருகிலும் தெரிகிறது. திரையின் வெண்மையை உண்டாக்கும் ஒளியில் பச்சையின் பங்கு 71.5 சதவீதம், சிவப்பின் பங்கு 21.3 சதவீதம், நீலத்தின் பங்கு 7.2 சதவீதம் மட்டுமே. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் ஆகவே 93 சதவீதத்தை எட்டிவிடுகிறது. இந்த மூன்று எண்களைத் தெரிந்துகொண்டதும் என் பழைய படங்களை அந்தக் கணக்குப்படி சாம்பலாக்கிப் பார்த்தேன். ஒளியும் நிழலும் சரியாக இருக்கின்றன என்று நான் நம்பியிருந்த பல படங்களில் முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடந்தன. செறிவு நகர்த்தியைப் பூஜ்யத்துக்கு இழுத்து இதைச் சோதிப்பது தவறு என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பல மென்பொருள்களில் அது கண்ணின் கணக்கைப் பின்பற்றுவதில்லை.

மென்தூரிகையால் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் நடுவில் சேறுபோல இருண்ட பட்டை வருவதற்கும் அன்றே விடை கிடைத்தது. கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை இருக்கும் எண்கள் ஒளியின் நேரான அளவுகள் அல்ல. கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து எழுதப்பட்டவை. வளைந்த எண்களை அப்படியே பாதிப்பாதியாகக் கலந்தால் 128 கிடைக்கிறது. ஒளியாக மாற்றிக் கலந்து திரும்ப வளைத்தால் 188 கிடைக்கிறது. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் நேர்ஒளி முறையில் ஒரு கோப்பைத் திறந்து, அதே இரு நிறங்களைக் கலந்து காட்டியபோது வகுப்பே எழுந்து வந்து திரையைச் சூழ்ந்துகொண்டது.

ஒரே நிறம் வெவ்வேறு கருவிகளில் மாறாமல் வரச் செய்யும் நிற மேலாண்மைக்கு வந்தபோது, புரொஃபைல் என்றால் என்ன என்பதை ஐயா படிக்கணக்கில் விளக்கினார். பட்டணம் படி வேறு, வெளியூர்ப் படி வேறு. மூன்று படி அரிசி என்று எழுதிக்கொடுத்து, எந்தப் படி என்று சொல்லாமல் விட்டால் அளந்து போடுபவர் தம் படியால்தான் அளப்பார். கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் உள்ள 0, 255, 0 என்ற எண்ணும் அப்படித்தான்: எஸ்ஆர்ஜிபி என்ற படியில் அது ஒரு பச்சை, அடோபி ஆர்ஜிபியில் இன்னும் செறிந்த பச்சை, டிஸ்ப்ளே பி3-இல் மற்றொன்று. புரொஃபைல் என்பது இன்ன படியால் அளந்தது என்று கோப்போடு ஒட்டி அனுப்பும் சீட்டு. இதே உவமையால், நான் ஆண்டுக்கணக்கில் குழப்பிக்கொண்டிருந்த இரண்டு கட்டளைகளும் தெளிந்தன. புரொஃபைலை ஒட்டுவது என்றால் எண்ணை அப்படியே வைத்துப் படியின் பெயரை மாற்றுவது. அதனால் அரிசியின் அளவு மாறிவிடும். புரொஃபைலுக்கு மாற்றுவது என்றால் அரிசியை அப்படியே வைத்துப் புதுப் படிக்கேற்ப எண்ணைத் திருத்துவது. என் நாட்காட்டிக் கோப்பை அடோபி ஆர்ஜிபியில் வரைந்து, சீட்டு எதுவும் ஒட்டாமல் அனுப்பியிருந்தேன்.

ஆனால் நீலம் கத்தரிப்பூவாக மாறியதற்கு அது மட்டும் காரணமல்ல. திரை காட்டும் ஆழ்ந்த நீலத்தை அச்சின் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மைகளால் கொண்டுவரவே முடியாது. நெருங்க முயலும்போது மெஜந்தா மிகுந்து ஊதாவின் பக்கம் சாய்ந்துவிடும். அச்சகத்தின் புரொஃபைலை வாங்கி, திரையிலேயே அச்சு முன்னோட்டம் பார்த்திருந்தால் இதை வரையும்போதே கண்டிருப்பேன். அச்சு மைகளால் கொண்டுவரக்கூடிய எல்லைக்கு வெளியே நிற்கும் நிறங்களை மட்டும் ஓரத்துக்கு இழுக்கும் முறை, படத்தின் நிறங்கள் அனைத்தையும் சேர்த்துச் சுருக்கும் முறை ஆகிய இரண்டையும் இதே காசிமேட்டுப் படத்தில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். முதல் முறையில் வானத்தின் படிநிலைகள் ஒட்டிப்போயின. இரண்டாவதில் படிநிலைகள் நிலைத்து, பளிச்சென்ற தன்மை மட்டும் குறைந்தது. எனக்கு இரண்டாவதே பிடித்தது.

இனிக் குறைகள். எல்லைகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று மூலநிறங்களால் வரையறுக்கும் எளிய புரொஃபைல்களுக்கு இடையில் மாற்றும்போது, சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தாலும் ஓரத்துக்கு இழுக்கும் முறைதான் நடக்கும். அதற்கான அட்டவணை அந்தப் புரொஃபைல்களில் இருப்பதில்லை. இதை வகுப்பில் சொல்லவில்லை. அடோபி ஆர்ஜிபியிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு முறைக்கும் வேறுபாடே இல்லையே என்று ஒரு மாணவர் கேட்டபோது, படம் அப்படி என்ற பதில்தான் கிடைத்தது. இந்த அளவு பொறுப்போடு நடத்தப்படும் பாடத்தில் இந்த இடைவெளி இருக்கக் கூடாது.

மானிட்டரை அளக்கும் கருவி ஒன்றே ஒன்று இருந்தது. மானிட்டரை அரைமணி நேரம் எரியவிட்டு, ஒளியை 120 நிட்டுக்கு (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) அருகில் நிறுத்தி, பிறகு அளக்க வேண்டும் என்று முறையாகச் செய்ததால், மானிட்டரோ மடிக்கணினியோ வைத்திருந்தவர்கள் எல்லோரும் முடிக்க இரண்டு ஞாயிறுகள் போயின. காத்திருந்த நேரத்துக்குத் தனிப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. மேலும், அறையின் ஒரு சுவர் கிளிப்பச்சை. சாம்பல் துணியைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள் என்றாலும், துணி எட்டாத மேல்பகுதியிலிருந்து பச்சை எதிரொளித்தது. சுவருக்கே சாம்பல் வண்ணம் பூசிவிடலாம்.

எனக்கு மிக வருத்தம் தந்தது வேறொன்று. உடன் படித்தவர்களில் பாதிப்பேர் கைப்பேசியில் வரைபவர்கள். மானிட்டரோ மடிக்கணினியோ அவர்களிடம் இல்லை. கைப்பேசித் திரையைப் பளிச்சென்று காட்டும் அமைப்பிலிருந்து இயல்பான அமைப்புக்கு மாற்றுவது, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை வரையும்போது நிறுத்திவைப்பது, முடிந்த படத்தை எஸ்ஆர்ஜிபி சீட்டோடு ஏற்றுமதி செய்வது ஆகிய மூன்றையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வியாசர்பாடி மாணவர் ஒருவர் ஆறாம் வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார். கால்பந்து அணிகளுக்கு அவர் கைப்பேசியில் வரையும் சின்னங்கள் மிக நன்றாக இருக்கும். அவர் நின்றதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை கைப்பேசிக்கென ஒரு நாள் ஒதுக்குவதாகச் சொன்னார்.

கடைசி ஞாயிறன்று கீழ்த்தளத்து அச்சகத்திலேயே ஒவ்வொருவர் படத்திலும் ஒரு பிரதி அச்சிட்டுத் தந்தார்கள். காசிமேட்டு வானத்தின் நீலத்தைச் சற்றுப் பச்சைப் பக்கம் நகர்த்தி, மெஜந்தாவைக் குறைத்து, படகுகளின் விளக்குகளை மட்டும் ஆரஞ்சாக விட்டிருந்தேன். திரையில் இருந்த நீலம் வரவில்லை. வராது என்று தெரிந்தே வரைந்தேன். ஆனால் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அந்த மங்கிய நீலம் நான் எண்ணியதைவிட ஆழமாகத் தெரிந்தது. ஐயா அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி, தெருவாசலில் நின்று வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அடுத்த வகுப்பில் சேர நினைப்பவர்கள் வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். சொந்த மடிக்கணினியும் பென் டேப்லெட்டும் கொண்டுவர வேண்டும். கிரிட்டா இலவசம் என்பதால் மென்பொருளுக்குச் செலவில்லை. அச்சில் ஏமாற்றம் தந்த பழைய படம் ஏதேனும் இருந்தால், கோப்பையும் அச்சுப் பிரதியையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.