தண்ணீரைச் சோதிக்கிறேன் என்று கம்பி வைத்த டப்பாவோடு வருகிறார்கள், ஜாக்கிரதை

பெங்களூரில் போர்வெல் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவர்கள், அதிலும் ஹொரமாவு பக்கம் இருக்கும் நம்மவர்கள், இதைப் படித்துவிடுங்கள். 36,500 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம், உங்களுக்காவது இலவசமாக இருக்கட்டும்.

2024 கோடையை இந்த ஊரில் கழித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பழைய போர் மார்ச்சிலேயே தண்ணீருக்குப் பதில் காற்றை ஊத ஆரம்பித்தது. டேங்கருக்குக் கொடுத்து மாளாமல், நகையை வைத்து, இன்னும் ஆழமாகப் புது போர் போட்டோம். தண்ணீர் வந்தது. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ராத்திரி பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செம்மண்ணைக் கரைத்தது போல ஒரு படிவு. ஒரே மாதத்தில் வாஷ்பேசினில் குழாய் சொட்டுகிற இடத்தில் செங்கோடு விழுந்துவிட்டது. வீட்டுக்காரரின் வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காவி ஏற, மேல் வீட்டு அம்மா “என்ன, சாமியாராப் போகப்போறாரா?” என்று கேட்டே விட்டார். அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிட்டேன். மகளின் ஸ்கூல் சட்டை காலரைப் பார்த்துத்தான் மனசு பொறுக்கவில்லை.

போர் லாரி நின்ற தெருவை இவர்கள் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் கேட்டைத் தட்டினார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. முதலில் கன்னடத்தில் ஆரம்பித்து, நான் அத்தையிடம் தமிழில் பேசுவதைக் கேட்டதும் “அக்கா, நீங்களும் நம்மூருதானா? நான் தருமபுரி” என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். வெளியூரில் தமிழ் காதில் விழுந்தால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. அத்தை அதற்குள் டீ போடப் போய்விட்டார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இதையேதான் செய்வார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ‘சுத்தமான’ தண்ணீர். பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். அதன் அடியில் நான்கு கம்பிகள், டம்ளருக்கு இரண்டாக இறங்குகிற மாதிரி. பிளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டார். அரை நிமிஷத்தில் எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பச்சை கலந்து, அப்புறம் கருப்பும் பழுப்புமாகத் திரண்டு, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக மிதந்தது. பக்கத்து டம்ளர் அப்படியே பளிச்சென்று இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மகளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். “பாப்பா இதுலதான் குளிக்குதா அக்கா?” அவ்வளவுதான் கேட்டார்.

ஒரு டிடிஎஸ் மீட்டரையும் வைத்து 780 என்று காட்டினார். “பாருங்க, அத்தனையும் இரும்பு.” 42,000 சொன்னதை 36,500 வரை இறக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. முன்பணம் 20,000 போனில் போனது, கம்பெனி பெயருக்கு அல்ல, ஒரு தனி ஆள் பெயருக்கு. மீதி ரொக்கம். கையில் கிடைத்த பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மொட்டை மாடியில், டேங்க்கிலிருந்து கீழே இறங்கும் பைப்பில் நீல சிலிண்டர் ஒன்றை மாட்டினார்கள். கூடவே உப்புப் போடும் டிரம். பத்து நாள் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, சோப்பு பொங்கி நுரைத்தது. மூன்றாவது வாரம் குழாயில் வேகம் குறைந்து, பழையபடி செங்கோடு. போன் செய்தால் “சர்வீஸ் ஆள் வருவாங்க அக்கா” என்றார். ஆறாவது வாரம் போன் அணைந்துவிட்டது. பில்லில் இருந்த விலாசத்துக்கு நேரில் போனேன். அது ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்காரர், என்னைப் போல வந்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்றார்.

சிலிண்டரைத் திறந்து பார்த்தது எங்கள் பழைய பிளம்பர் அண்ணன். உள்ளே பொன்னிற மணிகளாக இருக்க வேண்டிய ரெசின் சேறு மாதிரி கையோடு வந்தது. “அம்மா, இது உப்புத் தண்ணிக்குப் போடுறது, செவப்புத் தண்ணிக்கு இல்ல” என்றார். விஷயம் இதுதான். அந்த நீல சிலிண்டர் ஒரு சாஃப்ட்னர். சாஃப்ட்னர் என்பது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைப்பதற்கு, அதாவது கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்து வைப்பதற்கு. நிலத்தடியில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது, அதனால்தான் பிடிக்கும்போது தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. காற்று பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. சம்ப்பில் விழுந்து, மோட்டாரில் ஏறி, மாடி டேங்க்கில் நின்ற தண்ணீரில் பாதி இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டிருக்கும். அந்தத் துரு ரெசின் மேல் அப்பிக்கொண்டால் சாஃப்ட்னர் கதை முடிந்தது. டிடிஎஸ் மீட்டர் இரும்பைத் தனியாகக் காட்டுகிற கருவியே அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒரு மதிப்பு தருகிறது, அவ்வளவுதான். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே இரும்பு துணியில் கறை போடும் என்கிறார்கள். அந்த அளவெல்லாம் 780-இல் ஒரு மூலைக்குக் காணாது.

சரி, டம்ளர் கறுத்ததே? அதை அவிழ்த்தது ப்ளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன். “சித்தி, ஒரு கம்பி இரும்பு, இன்னொண்ணு அலுமினியம். கரண்ட் பாய்ஞ்சா இரும்புக் கம்பிதான் கரையும். நீங்க பார்த்த அழுக்கு தண்ணில இருந்து வந்ததில்ல, கம்பில இருந்து வந்தது” என்றான். அவர் பாட்டிலில் இருந்தது ஆர்ஓ தண்ணீர். உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் கரண்ட் சரியாக ஓடாது, கம்பி கரையாது, டம்ளர் பளிச்சென்று இருக்கும். காவிரித் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் நிறம் மாறியிருக்கும்.

இன்னொரு கூத்து, அவர் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன ‘கறை நீக்கி’. லேபிள் இல்லாத பாட்டில், திறந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை. நம்பி ஸ்கூல் சட்டையை ஊறப்போட்டேன். இளஞ்சிவப்பாக இருந்த கறை செங்கல் நிறத்துக்கு ஏறி, துணியிலேயே உட்கார்ந்துவிட்டது. காற்று மெதுவாகச் செய்வதை பிளீச் ஒரே நொடியில் செய்துவிடுகிறது. இரும்புக் கறைக்கு வேண்டியது புளிப்பு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், சிட்ரிக் ஆசிட்தான் அது. வெந்நீரில் கரைத்து வெள்ளைத் துணியை ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசினால் புதுக்கறை போய்விடுகிறது, வாஷ்பேசின் கறையும் போகிறது. மார்பிள், மொசைக் தரையில் போட்டுவிடாதீர்கள், அரித்துவிடும். பாத்ரூமில் பிளீச் ஊற்றிய இடத்தில் எந்த ஆசிடையும் ஊற்றவே கூடாது, கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

கடைசியில் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் இரும்பு, பிஎச், கடினத்தன்மை மூன்றையும் பார்க்கக் கொடுத்தேன். இரும்புக்கென்று ஆசிட் விட்ட தனி பாட்டில் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியிலேயே இரும்பு அடியில் படிந்துவிடுமாம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு போர் பைப்பிலேயே பிடிக்கச் சொன்னார்கள். இரும்பு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் வந்தது. பிளம்பர் அண்ணன் சம்ப்பில் தண்ணீர் விழும் இடத்தில் ஷவர் மாதிரி துளை போட்ட பைப்பை வைத்து, மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் ஃபுட் வால்வை அடியிலிருந்து ஓர் அடி தூக்கிவிட்டார். காற்றுப் பட்டு, ராத்திரி முழுக்கப் படிந்து, தெளிந்த தண்ணீர் மட்டும் மேலே ஏறுகிறது. அதற்கு மேல் தாண்டுகிற துருவைப் பிடிக்க ஒரு மணல் ஃபில்டர், வாரம் ஒருமுறை திருப்பி ஓடவிட்டுக் கழுவுகிறோம். எல்லாம் சேர்த்து சிலிண்டர் காசில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு இணைப்பு வரும் வரை இதுதான்.

பணம் இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஜெராக்ஸ் கடை விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பி என்ன பிரயோஜனம்? பணம் போன அந்தத் தனி ஆள் பெயர்தான் இப்போது கையில் இருக்கும் ஒரே நூல்.

போன வாரம் பின் தெரு அக்கா போன் செய்தார். “கம்பி வச்ச டப்பாவோட ஒரு பையன் வந்திருக்கான், சீக்கிரம் வா.” சமையலறையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். இருபது வயசுகூட இருக்காது. ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, அவன் பளிச்சென்று வைத்திருந்த டம்ளரில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, “இப்ப போடுப்பா” என்றேன். போட்டான். அதுவும் கறுத்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். “எனக்கு டிரெய்னிங்ல இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்கக்கா” என்றான். நிஜமாகவே தெரியாதா, நடிக்கிறானா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அக்கா போட்டு வைத்த டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.