தூக்க மாத்திரையா, நடத்தை சிகிச்சையா? ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்

வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் சரியில்லை, அதுவும் மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கிறது என்றால் மருத்துவத்தில் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இதற்கு வலுவான ஆய்வுப் பின்புலம் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று சோல்பிடெம், ஸோபிக்ளோன் போன்ற மாத்திரைகள். மற்றொன்று, தூக்கமின்மைக்கென்றே உருவாக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. மருத்துவர்கள் சுருக்கமாக சிபிடி-ஐ என்பார்கள். எது மேல் என்பது எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பலரும் இதைக் கவனிக்காமல்தான் குழம்புகிறார்கள்.

முதலில் மாத்திரை. இன்று விழுங்கினால் இன்றிரவே வேலை செய்யும். அதுதான் அதன் பெரிய பலம். துக்கம், அறுவை சிகிச்சை, பரீட்சை என்று சில நாட்கள் மட்டுமே தூக்கம் கெடும்போது இந்த வேகத்துக்கு ஈடு கிடையாது. சரி, எவ்வளவு வேலை செய்கிறது? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் நிறுவனங்கள் சமர்ப்பித்த தரவுகளைத் திரட்டி 2012-இல் ஓர் அலசல் வெளியானது. மூளை அலைக் கருவியால் அளந்தபோது, இந்த வகை மாத்திரை எடுத்தவர்கள், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட ஏறக்குறைய 22 நிமிடம் முன்னதாகத் தூங்கியிருந்தார்கள். அதோடு, போலி மாத்திரை எடுத்தவர்களுக்குமே தூக்கம் கணிசமாக மேம்பட்டிருந்தது. ‘மாத்திரை போட்டாயிற்று’ என்ற நிம்மதியே பாதி வேலையைச் செய்கிறது என்று தோன்றுகிறது.

அப்புறம் பக்கவிளைவுகள். காலையிலும் ரத்தத்தில் மருந்து தங்கி வண்டி ஓட்டும் திறனைப் பாதிக்கிறது என்பதால், 2013-இல் பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது எஃப்டிஏ. பெண்களின் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. 2019-இல் அதைவிடக் கடுமையான எச்சரிக்கை வந்தது: தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றால் காயங்களும் மரணங்களும் நேர்ந்திருப்பதால், மருந்துக் குறிப்புத் தாளிலேயே அதைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்றார்கள். வயதானவர்கள் கீழே விழுந்து எலும்பு முறிவது தனிக் கவலை.

இனி மறுபக்கம். நடத்தை சிகிச்சை என்றதும் ‘காபி குடிக்காதே, போனைத் தள்ளி வை’ என்ற அறிவுரைதானே என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் பல ஆய்வுகளில் அந்த அறிவுரைகளைப் போலி மாத்திரையின் இடத்தில்தான், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எளிய மாற்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். சிகிச்சையின் நெஞ்சு வேறு இடத்தில் இருக்கிறது. இரவு 10 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தாலும், அவருடைய தூக்கக் குறிப்பேட்டின்படி சராசரியாகத் தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். சிகிச்சையாளர் அவரிடம் சொல்வது: இனி இரவு 12.30-க்குத்தான் படுக்க வேண்டும், 6 மணிக்கு எப்படியும் எழுந்துவிட வேண்டும். தூக்கம் வராதவரிடம் தூங்கும் நேரத்தையே குறைக்கச் சொல்வது கொடுமையாகத் தெரியும். முதல் இரண்டு வாரங்கள் உண்மையிலேயே கடினம்தான். பகலில் கண் சொருகும், எரிச்சல் வரும். ஆனால் அந்தத் தூக்கப் பசிதான் மருந்து. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 முதல் 90 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும், கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்டார். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும் என்ற விதி அதற்கும் முந்தையது, 1970-களில் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தது.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, 1999-இல் சார்ல்ஸ் மோரின் குழு முதியவர்களிடம் நடத்தியது. நடத்தை சிகிச்சை, டெமாசெபாம் என்ற தூக்க மாத்திரை, இரண்டும் சேர்த்து, போலி மாத்திரை என்று 78 பேரை நான்காகப் பிரித்தார்கள். எட்டு வார முடிவில் மூன்று சிகிச்சைகளுமே போலி மாத்திரையை முந்தின. அங்கேயே நிறுத்தியிருந்தால் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தார்கள். நடத்தை சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றம் நிலைத்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுடையது நிலைக்கவில்லை. 2006-இல் நார்வேயில் 46 பேரிடம் நடந்த ஆய்விலும் அப்படித்தான்: நடத்தை சிகிச்சைக் குழு படுக்கை நேரத்தில் தூங்கிய விகிதம் ஆறாம் மாதத்தில் 81.4-லிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தது. ஸோபிக்ளோன் குழுவில் அது 82.3-லிருந்து 81.9 ஆனது.

அதற்காக நடத்தை சிகிச்சை ஆய்வுகளில் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஆய்வுகளில் பலவும் சிறியவை. மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போலியாக மாற்றிக் கொடுக்கலாம், ‘12.30-க்குப் படு’ என்பதை மறைத்துக் கொடுக்க முடியாது. அந்த எதிர்பார்ப்பு முடிவில் கொஞ்சம் கலந்தே இருக்கும். மொத்தத் தூக்க நேரமும் பெரிதாகக் கூடுவதில்லை. 2015-இல் 20 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தூங்க ஆகும் நேரம் 19 நிமிடமும் நடுவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடமும் குறைந்திருந்தன. மொத்தத் தூக்கமோ 8 நிமிடம்தான் கூடியிருந்தது. துண்டு துண்டாக இருந்த தூக்கம் ஒன்றாகச் சேர்கிறது, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

உடலே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின் பற்றிச் சுருக்கமாக: 2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் அது ஏழு நிமிடம்தான் முன்னதாகத் தூங்க வைத்தது. உடல் கடிகாரம் தள்ளிப்போனவர்களுக்கு உதவும்; நாட்பட்ட தூக்கமின்மைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். விழிப்பைத் தூண்டும் மூளை வேதிப்பொருளான ஓரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட், லெம்போரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட் ஆகிய புதிய மருந்துகள் கவனிக்க வேண்டியவை. ஆனால் 2022-இல் 154 ஆய்வுகளை ஒப்பிட்ட, லான்செட் மருத்துவ இதழின் கட்டுரை, லெம்போரெக்சன்ட்டின் பலனை மெச்சிவிட்டு, அதன் பாதுகாப்பு பற்றிய தரவு முடிவாக இல்லை என்றது.

என் தேர்வு நடத்தை சிகிச்சைதான். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும் 2016-இலிருந்து அதைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்ற நியாயமான புகாருக்கு 2023-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல பதில் வந்தது. 642 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், செவிலியர்களே நான்கு வாரங்களில் படுக்கை நேரக் குறைப்பைக் கற்றுத்தந்தார்கள். ஆறு மாதம் கழித்து, 28-க்கு அளக்கப்படும் தூக்கமின்மை மதிப்பெண் அவர்களிடம் 10.9; வெறும் அறிவுரைக் கையேடு பெற்றவர்களிடம் 13.9.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகலாம். மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வலிப்பு நோயோ இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் படுக்கை நேரக் குறைப்பைத் தாமாகத் தொடங்கக் கூடாது. தூக்கக் குறைவே அவற்றைத் தூண்டிவிடலாம். பலத்த குறட்டையும் நடுவே மூச்சுத் தடையும் இருந்தால், இரண்டு வழிகளில் எதற்கும் போகும் முன் தூக்க மூச்சுத்திணறல் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.