90-ஐத் தொட்டதும் வரும் உதறல்: உயர்த்திய பிக்கப்புடன் பதினான்கு மாதங்கள்

காரிமங்கலத்தில் இருக்கும் என் மைத்துனர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "மாமா, உங்க வண்டிக்குப் போட்ட அதே கிட் இப்ப விலை குறைஞ்சிருக்கு. போடலாமா, வேண்டாமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் வண்டியை உயர்த்தும் அந்தச் சஸ்பென்ஷன் கிட்டோடும் புதுச் சக்கரங்களோடும் நான் ஓட்டிய 22,000 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஓர் அதிர்வின் காரணத்தைத் தேடுவதிலேயே கழிந்துவிட்டது. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி இரட்டைக் கேபின் டீசல் பிக்கப். பின்னால் பட்டை ஸ்பிரிங். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன். பின்பக்கம் கூடுதலாக ஒரு பட்டையும் நீளமான ஷாக்கிளும் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸோடு இணைக்கும் துண்டு) வந்தன. 255/65 ஆர்17 டயர்கள் இருந்த இடத்தில், வெளியில் வாங்கிய அலாய் வீல்களில் 265/70 ஆர்17 டயர்கள் ஏறின. சஸ்பென்ஷனால் மட்டும் வண்டி 50 மி.மீ. உயர்ந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தூர்ப் பக்கம் எங்கள் மாந்தோப்புக்குப் போகும் வழியில், மழைக்குப் பிறகு கல் மட்டும் எஞ்சி நிற்கும் ஓர் ஓடைக் கடவு உண்டு. முன்பெல்லாம் அங்கே வண்டியின் அடிவயிறு உரசும் சத்தம் கேட்காத நாளே இல்லை. இப்போது 600 கிலோ பெங்களூரா காய்களைக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டு அதே கடவில் ஏறினாலும் பின்பக்கம் தட்டுவதில்லை, காய் நசுங்குவதில்லை. ஷாக் அப்சார்பர்கள் இரண்டு மாம்பழப் பருவத்தைக் கண்டும் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. மண் பாதைக்கென்று பார்த்தால் இந்தக் கிட்டில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை தார்ச்சாலையில் தொடங்கியது. கிருஷ்ணகிரியில் இருந்து தருமபுரி நோக்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காவேரிப்பட்டணம் தாண்டி வேகம் 85-ஐக் கடந்ததும் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கும். 90-இல் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் எண் பலகை இரண்டாகத் தெரியும். 100-ஐத் தாண்டினால் நடுக்கம் குறைந்து, பாதத்தின் கீழே தூரத்து மாவு மில் ஓடுவதைப் போன்ற ஒரு முனகல் மட்டும் நிற்கும். இந்த நடுக்கமும் முனகலும் வேறு வேறு நோய்கள் என்பதை உணரவே எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

அந்த ஏழு மாதங்களில் ஐந்து முறை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது), மூன்று முறை அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது). ஒவ்வொரு கடையிலும் இயந்திரம் பூஜ்யம் காட்டும், ரசீது கைக்கு வரும், நெடுஞ்சாலை ஏறியதும் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்ட் கோணங்கள் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழுந்து அடங்கும் நடுக்கத்துக்கு அது நேரடிக் காரணம் ஆவது அரிது. இதை அறிந்த ஒருவர் முதல் கடையிலேயே சொல்லியிருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும். மாறாக, "டயர் உருண்டை சரியில்லை, மாத்திடுங்க" என்ற பேச்சை நம்பி, குறையில்லாத இரண்டு டயர்களைக் கழற்றிப் புது டயர் வாங்கினேன். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆயினும் நியாயமாகச் சொன்னால், பேலன்சிங் செய்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். குறை அவர்களுடைய இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

திருப்பம் தந்தவை வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பழைய சக்கரங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் மாட்டிக்கொண்டு தருமபுரி வரை போய் வந்தேன். ஸ்டியரிங் நடுக்கம் அடியோடு இல்லை. ஆனால் பாதத்தின் கீழே முனகல் அப்படியே இருந்தது. கழற்றி மாட்டும் கூலியைத் தவிர வேறு செலவில்லாத இந்த ஒரு சோதனை, அதுவரை கொடுத்த எல்லா ரசீதுகளையும் விட அதிகம் சொல்லிக் கொடுத்தது. கையில் தெரியும் அதிர்வுக்குப் பெரும்பாலும் முன்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்களையும் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் நோயைக் கண்டுபிடித்தவர் கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். புது அலாய் வீலை மறுபடி மாட்டி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் டயல் கேஜின் ஊசியை வீல் விளிம்பில் வைத்து மெதுவாகக் கையால் சுற்றினார். இடது முன்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஊசி 1.8 மி.மீ. ஏறி இறங்கியது. பிறகு சக்கரத்தைக் கழற்றி நடுத்துளையை அளந்தார்: 110 மி.மீ. அந்தத் துளைக்குள் பொருந்த வேண்டிய வண்டியின் ஹப்போ 100 மி.மீ. அதாவது, சக்கரம் ஹப்பின் மீது உட்காரவே இல்லை. ஆறு நட்டுகளின் கூம்பு முனைகளை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டை முழுதாக இறுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் போனால், சக்கரம் அந்தப் பக்கம் சற்றே ஒதுங்கி நின்றுவிடும். பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை அதன் நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது, அதனால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். வண்டியில் ஏறியதும் மையம் மாறிவிடும். ஊசி காட்டிய 1.8-இல் பாதி, 0.9 மி.மீ., மைய விலகல். டயரோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ உள்ள சக்கரம் அவ்வளவு விலகினால், அது வீல் விளிம்பில் 125 கிராம் ஈயத்தை ஒட்டி வைத்ததற்குச் சமம்.

மருந்து எளியது. வெளிவிட்டம் 110, உள்விட்டம் 100 என்ற அளவில் நான்கு அலுமினிய வளையங்களைக் கடைந்து கொடுத்தார். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளைக் கையால் எதிரெதிராக ஏற்றி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினோம். ஊசி 0.5-க்கு இறங்கியது. அன்று மாலையே 90-இல் ஸ்டியரிங்கை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு காவேரிப்பட்டணத்தைக் கடந்தேன். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

முனகல் மிஞ்சியது. அதைப் பற்றிய முதல் துப்பு என் தொழிலிலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை. காய் ஏற்றிச் சேலம் போகும்போது முனகல் இருக்காது. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது தொப்பூர் தாண்டியதும் தொடங்கிவிடும். காலி வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். சமதளத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில், 95-இல் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் அடங்கியும் முனகல் அடங்கவில்லை, வேகத்தோடுதான் இறங்கியது. ஆகவே எஞ்சின் காரணமில்லை. (இந்தச் சோதனையைத் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. கியரின் பிடி இல்லாத வண்டி அங்கே முழுக்க பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டியிருக்கும்.)

கணக்கும் அதையே சொன்னது. இந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.5 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர்; எனவே சக்கரம் வினாடிக்கு 10 முறை சுற்றுகிறது. கையில் உணர்ந்த நடுக்கம் அந்தப் பத்து. என் வண்டியின் கிரவுன்-பினியன் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 4.1 என்பதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் வினாடிக்கு 41 முறை சுற்றும். ஷாஃப்டின் முனைகளை மடங்கும்படி இணைக்கும் கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்டின் வேகம் ஏறி இறங்கும், அப்படியானால் 82. காதுக்கு முனகலாகக் கேட்டது அதுதான். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டிவிடும். சமம் குலைந்தால் எஞ்சியது முழுவதும் வண்டியின் உடம்பில் இறங்கும். கோணம் இரட்டித்தால் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

கோணமானியை ஷாஃப்டிலும், பின் அச்சின் ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கிலும் வைத்து அளந்தபோது, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்குக்குப் பின்னால் உள்ள ஜாயின்ட்டில் 4.5 டிகிரியும் ஹவுசிங் பக்கத்து ஜாயின்ட்டில் 1.5 டிகிரியும் இருந்தன. 50 மி.மீ. தூக்கியதால் ஷாஃப்டின் சரிவு கூடியது. நீளமான ஷாக்கிள் ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாழ்த்தியதால் ஹவுசிங் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்தது. பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் அமிழ்ந்து சரிவு குறைகிறது, முனகல் மறைகிறது. சென்டர் பேரிங்கின் தாங்கியை 12 மி.மீ. தாழ்த்த இரண்டு இரும்புத் துண்டுகளும், மூக்கைத் தாழ்த்த 2 டிகிரி இரும்பு ஆப்பு இரண்டும் அதே பட்டறையில் செய்தோம். என் வண்டியில் ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருப்பதால் ஆப்பின் தடித்த முனை முன்பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் நோய் இரட்டிக்கும். ஷாஃப்டைக் கழற்றும் முன் இணைப்புகளில் உளியால் அடையாளம் வைத்தார் பெரியவர். அடையாளம் இல்லாமல் ஒரு பல் மாற்றிக் கோத்தால் அதுவே புதிய அதிர்வைக் கொண்டுவரும். இப்போது கோணங்கள் 3.2, 2.9. 500 கிலோமீட்டர் ஓடிய பின் ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். ஒவ்வொன்றும் கால் சுற்றுக்கு மேல் ஏறியது.

இன்று வெறும் வண்டியில் 100 வரை எந்த நடுக்கமும் முனகலும் இல்லை. அதற்கு மேல் மெல்லிய ரீங்காரம் ஒன்று உண்டு. சென்டர் பேரிங்கின் ரப்பர் பதினான்கு மாதங்கள் அந்த உதறலைத் தாங்கிக் களைத்திருக்கலாம் என்று கருதுகிறேன். அடுத்த மாதம் மாற்றுவேன். தோப்பிலிருந்து திரும்பும் நாட்களில் வீலின் உட்புறத்தில் அப்பிக் காயும் செம்மண்ணைக் கழுவாமல் நெடுஞ்சாலை ஏறினால் பழைய நடுக்கத்தின் சாயல் வருகிறது. அது கழுவினால் போய்விடும்.

மைத்துனரிடம் போட வேண்டாம் என்று சொன்னேன். மண் பாதையில் இவ்வளவு நன்றாக உழைக்கும் கிட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவர் கேட்டார். இரண்டு ஆப்பும் இரண்டு இரும்புத் துண்டும் சேர்த்துக் கொடுக்காமல் 50 மி.மீ. உயர்த்தச் சொல்லும் ஒருவரிடம், எவ்வளவு விலை குறைத்தாலும், நம் பணம் போகக் கூடாது என்பதுதான் என் பதில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவூட்டினேன். பழைய உதிரிகளை நான் விற்காமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். "அப்ப நீங்க கழட்டிடுவீங்களா மாமா?" என்றார். கழற்ற மாட்டேன். அடுத்த ஆனியில் அந்த ஓடைக் கடவை நான் இந்த வண்டியில்தான் கடக்க வேண்டும். அதையும் மீறி அவர் வாங்கினால், வளையத்துக்கும் ஆப்புக்கும் உரிய அளவுகளை ஓர் அட்டையில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளட்டும்.