நிசான் பங்கின் பெயரில் எனக்கு விற்கப்பட்ட பத்திரம்: ஜப்பானில் சேமிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜப்பானில் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அங்கேயே எதிலாவது போட்டு வைக்கலாம் என்று எண்ணும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018 செப்டம்பரில் ஐம்பது லட்சம் யென் கொடுத்து நான் ஒரு கடன்பத்திரம் வாங்கினேன். மூன்று ஆண்டுகள் கழித்து, பணத்துக்குப் பதிலாக 4,700 நிசான் பங்குகள் என் கணக்கில் வந்து விழுந்தன. அன்றைய விலையில் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 26 லட்சம் யென். நிசான் நிறுவனத்தின் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை; கார் நிறுவனத்தின் பங்கு என்றால் ஏறும், இறங்கும். அந்தப் பங்கு இறங்கும் அபாயம் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு, அதையே வைப்புத்தொகைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போலக் காட்டி விற்றவர்கள் மீதுதான் என் புகார்.

என் சம்பளக் கணக்கு இருந்த வங்கியில்தான் இது தொடங்கியது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கச் சென்றிருந்தேன். அப்போது அதற்கு வட்டி ஆண்டுக்கு 0.01 விழுக்காடு. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி, வங்கியோடு சேர்ந்த தரகு நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் மாடியில் இருக்கிறார் என்றும், ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரமாயிற்று. அலுவலர் மிக மரியாதையானவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்த காலத்தில் அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் நிறுவனத்தில் இருந்தேன் என்று நானே பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த மூன்று விளம்பரத் தாள்களில் இரண்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவதை என் பக்கம் நகர்த்தினார். "அப்படியானால் இந்த நிறுவனத்தை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்" என்றார்.

அந்தத் தாளில் பெரிய சிவப்பு எழுத்தில் ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று இருந்தது. அதன் கீழே, பத்திரத்தை வெளியிடும் ஐரோப்பிய நிதி நிறுவனத்தின் தரமதிப்பீடு ஏஏஏ, அதாவது மிக உயர்ந்த தரம், என்று இருந்தது. அந்த மூன்று எழுத்துகளை அவர் விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அந்தத் தரமதிப்பீடு, பத்திரம் வெளியிட்டவர் திவாலாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. என் அசல் திரும்பி வருமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இதை அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

ஜப்பானியர்கள் இதை ஷிகுமிசாய் என்ற பொதுப்பெயரால் அழைக்கிறார்கள். அதிலும் இது ஈ.பி. பத்திரம் என்ற வகை: அசலைப் பணமாகத் தராமல் வேறொரு நிறுவனத்தின் பங்காகத் திருப்பித் தரக்கூடிய பத்திரம். இதன் நிபந்தனைகளைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தொடக்க விலையாக ஒரு நிசான் பங்குக்கு 1,050 யென் குறிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைப் பார்ப்பார்கள். அது 105 விழுக்காட்டை, அதாவது 1,102.5 யென்னைத் தொட்டிருந்தால் அசலைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். விலை 85 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 892.5 யென்னுக்குக் கீழே இருந்தால், 8 விழுக்காடு வட்டி அந்தக் காலாண்டில் 0.1 விழுக்காடாகச் சுருங்கிவிடும். மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் விலை 630 யென்னுக்கு இறங்கினாலும் 'நாக்-இன்' ஆகிவிடும், அதாவது அசலுக்கு இருந்த பாதுகாப்பு போய்விடும். அதன் பிறகு முதிர்வின்போது விலை தொடக்க விலையைவிடக் குறைவாக இருந்தால், பணத்துக்குப் பதிலாகப் பங்குகளை, அதுவும் 1,050 யென் கணக்கில், தருவார்கள்.

பங்கு எவ்வளவு ஏறினாலும் எனக்கு வட்டிக்கு மேல் ஒரு யென்கூடக் கிடைக்காது. இறங்கினால் இறக்கம் முழுவதும் என்னுடையது. ஊரார் வீட்டுக்குத் தீக்காப்பீடு எழுதிக் கொடுத்து, பிரீமியமாகச் சில்லறை வாங்கிக்கொண்டவனின் நிலைதான் என் நிலை. நானோ வட்டிக்குப் பணம் கொடுத்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். விலை ஏறி மூன்றே மாதத்தில் கணக்கு முடிந்திருந்தாலும் விற்றவருக்கு லாபம்தான். அதே பணத்துக்கு அடுத்த பத்திரத்தை விற்று மறுபடியும் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கமிஷன் பத்திரத்தின் விலைக்குள்ளேயே கரைக்கப்பட்டிருந்ததால், தரகுக் கட்டணம் இல்லை என்று அவரால் முகம் மாறாமல் சொல்ல முடிந்தது.

"630-க்கு இறங்குமா?" என்று கேட்டேன். 2008-ல் உலகச் சந்தைகளை வீழ்த்திய லெஹ்மன் நெருக்கடி போன்ற ஏதாவது வந்தால்தான் உண்டு என்று அலுவலர் சிரித்தார். ஜப்பானிய கதகனா எழுத்தில் என் பெயர் பொறித்த ஹன்கோவை, அதாவது கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரையை, எடுத்து, அவர் பென்சிலால் வட்டமிட்டிருந்த ஒன்பது இடங்களிலும் குத்தினேன்.

2018 நவம்பர் 19 அன்று நிசானின் தலைவர் கார்லோஸ் கோன் டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் கைதானார். அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தேன். தனி ஒருவரின் விவகாரம் இது, நிறுவனம் பெரியது என்றார். டிசம்பரிலும் 2019 மார்ச்சிலும் தலா ஒரு லட்சம் யென் வட்டி வந்தது, 20.315 விழுக்காடு வரி போக 79,685 யென். மனைவியிடம் அந்தச் சீட்டைக் காட்டியது நினைவிருக்கிறது. ஜூனில் வந்த சீட்டில் 1,250 யென் என்று இருந்தது. வரி போக 997. பூஜ்யங்கள் விடுபட்டுப்போயின என்றே முதலில் நினைத்தேன். அதன்பின் கடைசிவரை ஒவ்வொரு காலாண்டும் அதே 997 யென்தான் வந்தது.

2020 தொடக்கத்தில் விலை 630-ஐக் கடந்து கீழே போயிற்று. பிப்ரவரியில் நிசான் ஆண்டிறுதி ஈவுத்தொகையை ரத்து செய்தது. மார்ச்சில், கொரோனா அச்சத்தில், பங்கு 400 யென்னுக்கும் கீழே விழுந்தது. மே 28 அன்று 67,120 கோடி யென் நிகர நட்டம் அறிவிக்கப்பட்டது. நாக்-இன் ஆகிவிட்டது என்று எனக்கு வந்த ஒற்றைத்தாள் அறிவிப்பில் "வருந்துகிறோம்" என்ற சொல்கூட இல்லை. எனக்கு விற்ற அலுவலர் அதற்குள் வேறு கிளைக்கு மாற்றலாகியிருந்தார்.

முதிர்வின்போது விலை 560 யென்னை ஒட்டி இருந்தது. ஐம்பது லட்சத்தை 1,050 ஆல் வகுத்தால் 4,761 பங்குகளும் சொச்சமும் வரும். ஜப்பானில் வணிக அலகு 100 பங்கு என்பதால் 4,700 பங்குகளைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு ஈடாகச் சுமார் 34,000 யென்னைப் பணமாகத் தந்தார்கள்.

பிறகொரு நாள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன், போடாமலே இருந்திருக்கலாம். அதே 2018 செப்டம்பரில், அதே விலையில், 4,700 நிசான் பங்குகளை நேரடியாகவே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மாத இறுதியில் 28.5, அடுத்த மார்ச்சில் 28.5, 2019 செப்டம்பரில் 10 என்று பங்குக்கு 67 யென் ஈவுத்தொகை சேர்ந்திருக்கும். மொத்தம் 3,14,900 யென். என் பத்திரம் மூன்று ஆண்டுகளில் கொடுத்த வட்டி, வரிக்கு முன், 2,12,500 யென். அசலில் ஏற்பட்ட அடி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, "பங்கு வாங்குவது ஆபத்து, இது பத்திரம்" என்று எனக்குச் சொல்லப்பட்ட பொருள், பங்கைவிடக் குறைவாகவே ஈட்டித் தந்தது. அதோடு, பங்கு வைத்திருப்பவன் பயந்துபோனால் மறுநாளே விற்றுவிடலாம். என் பத்திரத்துக்குச் சந்தையே இல்லை, விற்றவர்கள் சொன்ன விலைதான் விலை.

புகார் செய்யத் தீர்மானித்து என் வாடிக்கையாளர் அட்டையின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் "பங்கு முதலீட்டு அனுபவம்: ஐந்து ஆண்டுகளுக்கு மேல்" என்று குறிக்கப்பட்டிருந்தது; நான் அதுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. "முதலீட்டு நோக்கம்" என்ற இடத்தில் அபாயத்தை ஏற்று லாபம் தேடுவது என்று இருந்தது. கையெழுத்து என்னுடையதல்ல, ஆனால் அடியில் இருந்த முத்திரை என்னுடையது. வாடிக்கையாளரின் அறிவுக்கும் அனுபவத்துக்கும் பொருந்தாத பொருளை விற்கக்கூடாது என்று ஜப்பானின் நிதிப் பொருள்கள் பரிவர்த்தனைச் சட்டம், 40ஆம் பிரிவில், சொல்கிறது. அந்தப் பிரிவு தடுக்க வேண்டிய இடத்தை என் ஹன்கோ அடைத்துவிட்டிருந்தது.

ஃபின்மாக் என்ற சமரச அமைப்பிடம் சென்றேன். வழக்கறிஞர் ஒருவர் நடுவராக இருந்து இரு தரப்பையும் தனித்தனியே கேட்டார். தொலைபேசி உரையாடல்களின் பதிவைக் கேட்டபோது, மாடியறையில் நடந்த பேச்சுக்குப் பதிவு இல்லை என்று தரகு நிறுவனம் சொல்லிவிட்டது. "லெஹ்மன்" என்று சொல்லிச் சிரித்ததற்குச் சாட்சி நான் மட்டுமே. இறுதியில் இழப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தர ஒப்புக்கொண்டார்கள். 2022-ல் கின்யூச்சோ எனப்படும் நிதிச் சேவை முகமை இந்தப் பத்திரங்களின் மறைமுகச் செலவைப் பற்றி வெளிப்படையாகவே கேள்வி எழுப்பியது. 2023 ஜூனில், இவற்றைத் தகாதவர்களுக்கு விற்ற ஒரு தரகு நிறுவனத்துக்கும், வாடிக்கையாளர்களை அனுப்பிவைத்த இரண்டு வங்கிகளுக்கும் சீர்திருத்த ஆணை பிறந்தது. எனக்கு விற்றவர்கள் அந்த மூவரில் இல்லை.

ஆகவே, பங்கின் பெயரும் உயர்ந்த வட்டியும் ஒரே தாளில் இருந்தால், முதிர்வில் பணமாக வருமா பங்காக வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். அன்றே முத்திரை குத்தாமல் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வாடிக்கையாளர் அட்டையில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைக் குத்துவதற்கு முன்பே வரிவரியாகப் படியுங்கள். ஜப்பானிய மொழி போதவில்லை என்றால், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நிசானையோ டொயோட்டாவையோ நம்பினால் அந்தப் பங்கையே 100 பங்காக வாங்குங்கள். இழந்தாலும் எதை இழந்தோம் என்பதாவது தெரியும்.

2024 டிசம்பர் 18 அன்று, ஹோண்டாவுடன் இணைப்புப் பேச்சு என்ற செய்தியில் நிசான் பங்கு 80 யென் ஏறி, ஒரே நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பில் நின்றது. அந்த வாரம் 2,000 பங்குகளை விற்றேன். 2025 பிப்ரவரி 13 அன்று பேச்சு முறிந்தது. மீதி 2,700 பங்குகள் இன்னும் அதே தரகு நிறுவனத்தின் கணக்கில்தான் கிடக்கின்றன. 2024 நிதியாண்டுக்கு அவற்றுக்கு ஈவுத்தொகை எதுவும் வரவில்லை.