பேசும் வில்லையா, திருப்பும் பலகையா?

ஒட்டுவதற்கு முன் ஒரு ஃபாஸ்டேக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வளைந்து நெளிந்த மெல்லிய உலோகக் கோடு, நடுவே கடுகைவிடச் சிறிய சிப். அவ்வளவுதான், பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் தலைக்கு மேலே இருக்கும் ரீடர் வீசும் ரேடியோ அலையில் கொஞ்சத்தை வாங்கி உயிர் பெறுகிறது. மிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்பியே தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது.

இப்படி அலையைத் திருப்பியே ஒரு வில்லை பேசுவதன் பெயர் பின்சிதறல், பேக்ஸ்கேட்டர். சின்ன வயதில் கண்ணாடித் துண்டால் வெயிலை எதிர்வீட்டுச் சுவரில் அடித்து விளையாடியிருப்போம். துண்டை மூடி மூடித் திறந்தால் சேதி சொல்லலாம். அது பின்சிதறல். அசையாமல் பிடித்து இருட்டு மூலைக்கு வெளிச்சம் பாய்ச்சினால், அது ஆர்ஐஎஸ் என்கிற பிரதிபலிப்புப் பலகை; அலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மின்னணு முறையில் மாற்றிக்கொள்ளலாம். முன்னது தன் சேதியைச் சொல்கிறது, பின்னது டவரின் சேதியை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டும் சொந்தமாக அலை உண்டாக்குவதில்லை. ஒரே அலைக்கற்றையைப் பலர் பங்குபோடும் இடங்களுக்கு இரண்டையும் பரிந்துரைப்பது அதனால்தான்.

2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று ரீடர் வீசும் அலையே தேவையில்லை என்று காட்டியது. சென்னை ஐஐடியில் படித்த ஷ்யாம்நாத் கொல்லகோட்டாவும் அதில் ஒருவர். ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் டிவி சிக்னலைத் திருப்பியே இரண்டு அட்டைகள் பேசிக்கொண்டன. வேகம் நொடிக்கு 1 கிலோபிட், தூரம் இரண்டரை அடி. சொற்பம்தான். ஆனால் 2016-இல் அதே பல்கலைக்கழகத்தின் பாசிவ் வைஃபை 11 மெகாபிட் வரை போனது. வழக்கமான வைஃபை சிப்புக்கு ஆகும் மின்சாரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அதற்கு ஆனது. என்ன, அருகே பிளக்கில் செருகிய கருவி ஒன்று அலை வீசிக்கொண்டிருக்க வேண்டும்.

பின்சிதறலின் பெரிய தலைவலி, வில்லை திருப்பி அனுப்பும் அந்த மூல சிக்னல். திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ஒருவர் காதோடு பேசுவது போல, வில்லையின் குரல் அதில் அமுங்கிப்போகும். பக்கத்து சேனலுக்கு நகர்த்தித் திருப்புவது ஒரு வழி. ஆனால் அந்த சேனலிலும் யாரோ இருப்பார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. வில்லை மிக மெதுவாகப் பேசட்டும். அதன் ஒரு பிட் முடிவதற்குள் மூல சிக்னலில் பல பிட்கள் கடந்துவிடும். அப்போது மூல சிக்னலைப் பெறும் ரிசீவருக்கு இந்தப் பிரதிபலிப்பு, சுவரில் பட்டு வரும் இன்னொரு எதிரொலியாகவே தெரியும். சில சமயம் அது சிக்னலுக்குத் துணையாகவும் சேரும். சிம்பயாடிக் ரேடியோ என்று இதைச் சொல்கிறார்கள். வாடகை தராமல் குடியிருப்பவர் வீட்டையும் பெருக்கிக் கொடுப்பது மாதிரி.

சரி, பலகை? இதன் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. அதில் பதித்த சின்னச் சின்னப் பிரதிபலிப்பான்களை இரட்டித்தால், சரியாக ஒருமுகப்படுத்தும்போது போய்ச்சேரும் சக்தி நான்கு மடங்காகும். அரை அலைநீளத்துக்கு ஒன்று என்று அடுக்கினால், அரை மீட்டர் சதுரப் பலகையில் 28 கிகாஹெர்ட்ஸுக்கு 8,600 வரை அடங்கும். 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 130 கூடத் தேறுவது சந்தேகம். அதனால் பலகையின் அருமை உயர் அதிர்வெண்ணில்தான் தெரியும்.

பங்கீட்டு அலைக்கற்றையில் நான் பலகையை நம்பத் தயங்கக் காரணம் வேறு. சாதாரண பலகைக்கு வடிகட்டி கிடையாது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்காக அதைத் திருப்பும்போது, பக்கத்து அதிர்வெண்ணில் இருக்கும் போட்டி நிறுவனத்தின் அலையும் சேர்ந்து எங்கோ திரும்பும். பலகையின் அமைப்பு மாறுகிற ஒவ்வொரு முறையும் அவர்களுடைய சிக்னல் காரணம் தெரியாமல் ஏறி இறங்கும். சேதப்படுவது பலகையில் எந்த உரிமையும் இல்லாதவர். வில்லையும் எல்லா அலையையும்தான் திருப்புகிறது, ஆனால் அது தீப்பெட்டி அளவு. பலகையோ சுவர் அளவு. மொபைல் நெட்வொர்க்குகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பும் தன் விதிகளின் 18-ஆம் வெளியீட்டில் பலகையை விட்டுவிட்டு, டவர் கட்டுப்படுத்தும் ரிப்பீட்டரைத்தான் எடுத்துக்கொண்டது. ரிப்பீட்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், மின்சாரமும் கேட்கும். இருந்தும் அது தன் அலைவரிசையோடு நிற்கும். பேட்டரியில்லா வில்லைகளுக்கு 19-ஆம் வெளியீட்டில் இடம் கிடைத்திருக்கிறது.

ஆக, பலர் புழங்கும் தெருவுக்கு வில்லை. கட்டடம் முழுக்க ஒருவர் கையில் இருக்கும் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் பலகை, அங்கே இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். அப்படி வைப்பவர்கள் பலகையை நடுச்சுவரில் மாட்டிவிடாதீர்கள். இங்கே இழப்பு, அலை வீசும் கருவியிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து பெறும் கருவிக்கும் உள்ள இரண்டு தூரங்களின் பெருக்கத்தைப் பொறுத்தது. 100 மீட்டர் பாதையில் சரிபாதியில் வைத்தால் 50×50, அதாவது 2,500. ஒரு முனையிலிருந்து 10 மீட்டரில் வைத்தால் 10×90, வெறும் 900. சக்திக் கணக்கில் இதன் வர்க்கம் வரும் என்பதால் வித்தியாசம் ஏறக்குறைய எட்டு மடங்கு. அலை வீசும் கருவிக்குப் பக்கத்திலோ, வில்லைகள் அடுக்கிய ரேக்குக்குப் பக்கத்திலோ ஆணி அடியுங்கள்.